பின்னறையில் அந்த ஊர் நேரம்

பிப்ரவரி 11

என் மகள் சுண்டெலிக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறாள். இன்று கடித்தவை: என் தோள், டிவி ரிமோட், அவள் அப்பாவின் செருப்பு.

விடிகாலை வழக்கம்போல அவர் பின்னறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். எனக்குக் காலைத் தேநீர், அவருக்கு இரவுச் சாப்பாடு. ஒரே மேசை. இருவரும் கொட்டாவி விடுவோம். என்னுடையது முடிந்துபோன தூக்கத்தின் கொட்டாவி, அவருடையது வரப்போகிற தூக்கத்தின் கொட்டாவி. கூடத்துக் கடிகாரம் இந்த ஊர் நேரம் காட்டும். பின்னறைக் கடிகாரம் அந்த ஊர் நேரம். ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டிவைத்து, அந்த ஊர் பஸ் கம்பெனிக்கு இங்கிருந்தே நேர அட்டவணை போடுகிறார். பெரிய கடலுக்கு அப்பால் பஸ்கள் எல்லாம் எங்கள் பின்னறையிலிருந்துதான் கிளம்புகின்றன என்று எனக்கு ஒரு நினைப்பு.

அம்மா குளிக்கப் போகும்வரை காத்திருந்து சொன்னார். "மே கடைசிக்குள்ள திரும்பி வரச் சொல்லிட்டாங்க. இனிமே வீட்லேருந்து வேலை கிடையாதாம்."

"நீங்க மட்டுமா?"

"நாம போவோம்."

நாம. அவர் அந்த நாட்டுக் குடிமகன். சுண்டெலி இங்கே பிறந்தாலும் அப்பா வழியில் அவளுக்கும் அந்த நாட்டுப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. எனக்கு மட்டும் பி.ஆர். அட்டை. 'நிரந்தரமாக வசிப்பவர்' என்று மேலே எழுதி, கீழேயே முடியும் தேதியையும் அச்சடித்திருக்கிறார்கள். அந்தத் தேதி போன மாதம் போய்விட்டது.

அட்டையைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் ஐந்து வருடத்தில் இரண்டு வருடமாவது அங்கே இருந்திருக்க வேண்டும். நான் இருந்தது ஒன்றேகால். மிச்சமெல்லாம் இங்கேதான் போயிற்று. அப்பாவின் கடைசி வருடம், என் பிரசவம், குறைமாதத்தில் பிறந்த குழந்தையை விமானத்தில் ஏற்றக் கூடாது என்று டாக்டர் சொன்னது. எதை நான் விட்டிருக்க முடியும்?

பிப்ரவரி 13

கனவு. பஸ்ஸில் நான் மட்டும். டிரைவர் சீட்டில் யாருமில்லை. ஆனாலும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் சரியாக நிற்கிறது. இறங்கப் போனால் கதவு கேட்கிறது, "எத்தனை நாள்?"

பிப்ரவரி 17

அவருடைய நண்பர் சொன்ன ஆலோசகரோடு வீடியோவில் பேசினோம். இந்த மாதிரிக் கேஸ்களே பார்க்கிறவர். வாயில் ஏதோ மென்றுகொண்டே கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் இங்க வந்து எவ்வளவு நாளாச்சு?"

"பதினாலு மாசம். குழந்தைக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது வந்தார்."

"ஒரே வீட்லயா இருக்கீங்க?"

"ஆமா."

மெல்லுவதை நிறுத்தினார். "அப்புறம் எதுக்கும்மா அழுதுகிட்டு வர்றீங்க? குடிமகனா இருக்கிற புருஷன்கூட வெளிநாட்ல சேர்ந்து வாழ்ந்த நாளெல்லாம் அந்த நாட்ல இருந்த கணக்குலதான் வரும். பதினாலையும் சேத்துப் பாருங்க, தாராளமா தாண்டுது. சேர்ந்து வாழ்ந்தோம்னு காட்டணும், அவ்வளவுதான்."

போனை வைத்த பிறகும் நான் நாற்காலியை விட்டு எழவில்லை. எவ்வளவு விசித்திரமான சட்டம்! இந்தக் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த நாட்களில் நான் அங்கே இருந்திருக்கிறேன். வாழைப்பழம் மசித்து ஊட்டும்போது அங்கே இருந்திருக்கிறேன். தெருமுனைக்குப் போய்ப் பால் வாங்கி வந்ததுகூட, கணக்குப்படி, அந்த ஊர்த் தெருவில்தான்.

சிரிப்பு வந்தது. அவர் மே மாதம் என்று சொன்ன பிறகு முதல் தடவையாக.

பிப்ரவரி 18

சுண்டெலி எங்கே இருட்டைப் பார்த்தாலும் "ப்பா" என்கிறாள். கட்டிலடி, அலமாரிக்குள், கரண்ட் போன நேரம். அவளுக்கு அப்பா என்றால் அந்தப் பின்னறை இருட்டு.

பிப்ரவரி 26

சேர்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். காட்ட என்ன இருக்கிறது?

வீடு அம்மா பெயரில். கரண்ட் பில், கேஸ், இன்டர்நெட், எல்லாம் அம்மா பெயரில். போட்டோவில் நானும் குழந்தையும், அல்லது அவரும் குழந்தையும். யாராவது ஒருவர் எடுக்கிறவராக இருக்கிறோம், இல்லாவிட்டால் தூங்குகிறவராக. அவர் விமானத்திலிருந்து இறங்கியபோது கொடுத்த விலாசம்கூட வேறு ஊரில் இருக்கிற அவர் அண்ணனுடையது. அப்படிக் கொடுக்கச் சொன்னது அம்மா.

அம்மா செய்த காரியத்தை இங்கே எழுதிவைக்கிறேன். அவர் வந்து இறங்கிய வாரம், "லீவுக்கு வந்திருக்கார்" என்று தெருவில் சொன்னாள். ஒரு மாதம் கழித்து, "கிளம்பிட்டார்" என்றாள். பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருக்கிற மனிதரை யார் பார்க்கப் போகிறார்கள்? மருமகன் மாமியார் வீட்டில் தங்கிவிட்டார் என்ற பேச்சு வரக் கூடாது. அவளுக்கு அது ஒன்றுதான் குறி. நாங்களும் விளையாட்டுப்போல விட்டுவிட்டோம். "நான் இப்ப ஃபாரின்ல இருக்கேன், சத்தம் போடாதே" என்று அவரே கிசுகிசுப்பார்.

அப்பா இந்த வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்தவர். 'விருந்தாளி சார்' என்று தெருவே கூப்பிட்டது. முப்பது வருடம். அப்பா சிரித்துக்கொண்டே போவார். அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை.

மார்ச் 10

அந்த நாட்டுக்குள் நுழைய அனுமதி கேட்டு விண்ணப்பம் அனுப்பியாயிற்று. அவர் பாஸ்போர்ட் நகல், குழந்தையின் தடுப்பூசி அட்டை (அதில் ஒரு இடத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது), சில போட்டோ. அனுப்பிவிட்டு வந்து படுத்தேன். சுண்டெலியின் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வருகிறது. சரி.

மார்ச் 11

மறுபடி வைத்துப் பார்த்தேன்.

மார்ச் 24

இன்று பகல் முழுக்க மழை. கூடமும் பின்னறை மாதிரி மங்கிப்போயிற்று. மழைச் சத்தத்தில் அவருக்குத் தூக்கம் கலைந்து வெளியே வந்துவிட்டார். என்ன நேரம் என்று இருவருக்கும் தெரியவில்லை. அம்மா கடைக்குப் போயிருந்தாள். மூன்று பேரும் தரையில் படுத்துக்கொண்டோம். நான் அங்கே வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையை நினைத்துக்கொண்டேன். லென்ஸைத் தேய்த்து முடித்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால், தெரு முழுவதும் தலைகீழாகச் சின்னதாக அதற்குள் வந்து நிற்கும். சிவப்பு பஸ் ஒன்று தலைகீழாகப் போகும்.

"அது என் பஸ்" என்றார்.

"எல்லாமே உங்க பஸ்தானா?"

"அந்த நேரத்துக்குச் சரியா வந்திருந்தா என் பஸ். லேட்டா வந்திருந்தா வேற எவனோ போட்டது."

ஏப்ரல் 13

விசா அலுவலகத்தில் நேர்காணல். எழுதவே கை வரவில்லை. எழுதாவிட்டால் தூக்கமும் வராது.

அதிகாரி ஐம்பது வயதுப் பெண். கண்ணாடியில் படிக்கிற பகுதி கீழே இறங்கியிருக்கிறது. காகிதத்தைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் முகவாயைத் தூக்க வேண்டியிருக்கிறது அவருக்கு. சரியாக அளவெடுக்கவில்லை என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. பயத்தில் இப்படித்தான் புத்தி போகும் எனக்கு.

எங்கள் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். ஒரு நாளில் எவ்வளவு நேரம் சேர்ந்திருப்பீர்கள் என்று கேட்டார். நான் யோசித்தேன். விடிகாலை மேசை. அவ்வளவுதானே? "ஒரு மணி நேரம்" என்றேன். உண்மையைச் சொன்னால் போதும் என்று நினைத்தேன் — அறிவு கெட்டவள்.

அவரிடமும் அதே கேள்வியாம். அவர் சொன்ன பதில், "இருபத்திநாலு மணி நேரமும்."

பிறகு அதிகாரி இருவரையும் சேர்த்து உட்கார வைத்துச் சொன்னார். தெருவில் விசாரித்திருக்கிறார்கள். எதிர்வீட்டு டெய்லர், எங்கள் மாடியில் குடியிருக்கிற டீச்சர், பால்காரம்மா. மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னார்களாம், அந்த வீட்டு மாப்பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறார் என்று. உங்கள் கணவர் இந்த நாட்டில் இருந்திருக்கிறார், பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கிறது. ஆனால் உங்களோடு இருந்தாரா, அவர் அண்ணன் வீட்டில் இருந்தாரா? கோபமில்லாமல்தான் கேட்டார். அதுதான் இன்னும் பயம்.

மூன்று வாரம் கொடுத்திருக்கிறார்கள். கூடவே இருந்தார் என்று நம்பும்படி ஏதாவது காட்ட வேண்டும்.

ஆட்டோவில் வரும்போது கேட்டேன். "எதுக்கு இருபத்திநாலுன்னு சொன்னீங்க?"

"நீ தூங்கும்போது சுவத்துக்கு என் பக்கம் கேக்கும். இருமுவே. அவளைத் தட்டிக் குடுப்பே. புரண்டு படுத்தாக் கட்டில் கிறீச்சிடும். அதையெல்லாம் சேத்துதான் சொன்னேன்."

நான் ஏன் அதைச் சேர்க்கவில்லை?

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் வெடித்துவிட்டேன். "உன் கௌரவம்தான் உனக்குப் பெருசு! ஊர் என்ன பேசும், ஊர் என்ன பேசும்னு — இப்ப பேசிடுச்சு பாரு, அழகா பேசிடுச்சு! அவரும் புள்ளையும் போவாங்க. நான் இங்க உக்காந்து உன் மானத்துக்குக் காவல் இருக்கேன்!"

சுண்டெலி என் குரலுக்குப் பயந்து உதட்டைப் பிதுக்கினாள். அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 14

அம்மா சுண்டெலியிடம் சொல்லித்தான் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

ஏப்ரல் 15

அம்மா போய் ஒரு வார்த்தை தெருவில் சொன்னால் போதும். அவளுக்கும் தெரியும். ஏன் சொல்ல மாட்டேன் என்கிறாள்? நானே போய்ச் சொல்லலாம்தான். ஆனால் அம்மா உயிரோடு இருக்கும்போதே அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டு இந்தத் தெருவில் எப்படி விட்டுவிட்டுப் போவேன்?

ஒரு நினைப்பு வருகிறது. எழுதக் கூடாது. எழுதுகிறேன். நான் போகாமல் இருந்தால் அம்மா தனியாக இருக்க வேண்டாம் — இல்லையா?

ஏப்ரல் 16

கனவில் பின்னறைக் கதவைத் திறந்தேன். உள்ளே அறை இல்லை, நேரே அந்த ஊர்த் தெரு. கண்ணாடிக் கடை திறந்திருக்கிறது. வாசல்படியைத் தாண்டக் காலைத் தூக்கினேன். பின்னாலிருந்து அம்மா, "செருப்புப் போட்டுக்கிட்டுப் போ" என்றாள். திரும்பிப் பார்ப்பதற்குள் சுவர்.

ஏப்ரல் 18

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுத வேண்டும்.

காலை பதினோரு மணி. அவருக்கு நடுநிசித் தூக்கம். அம்மா பின்னறைக் கதவைத் தட்டினாள். பதினாறு மாதத்தில் அவள் அந்தக் கதவைத் தட்டியதே இல்லை. மருமகன் தூங்குகிறார் என்றால் குக்கர் விசிலுக்கே துணியைப் போட்டு மூடுகிறவள்.

"மாப்ளே, கொஞ்சம் வெளிய வாங்க."

அவர் கைலியும் கசங்கிய பனியனுமாக வந்து நின்றார், தலை குருவிக்கூடு மாதிரி. அம்மா ஒரு சட்டையை நீட்டினாள். மாட்டிக்கொண்டதும் அவர் மணிக்கட்டைப் பிடித்து, சின்னப் பையனைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போவதுபோல வாசலைத் தாண்டித் தெருவுக்குக் கூட்டிப் போனாள். நான் சுண்டெலியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

சுள்ளென்று வெயில். பாவம், அவருக்குக் கண் திறக்கவில்லை. சுண்டெலி அவரை வெயிலில் பார்த்து யாரோ என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

டெய்லர் மிஷினில் காலை நிறுத்தினார். அம்மா கணீரென்று கேட்டாள். "டெய்லரே, இவர் யாருன்னு தெரியுதா?"

டெய்லர் அவரைப் பார்க்கவில்லை. அம்மா முகத்தைத்தான் பார்த்தார். எந்தப் பதில் வேண்டும் என்று தேடுகிற மாதிரி. "யாருங்க… சொந்தக்காரங்களா?"

"என் மருமகன். பதினாறு மாசமா என் வீட்லதான் இருக்கார். ஒரு நாள் எங்கேயும் போகலை. போயிட்டார்னு நான்தான் பொய் சொன்னேன். நல்லா பாத்துக்குங்க."

டெய்லர் மூச்சை விட்டார். "அப்பாடா! இனிமே நடிக்க வேண்டாம்ல?"

அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"பேன்ட் கால் ரெண்டு இன்ச் குறைக்கக் குடுத்தீங்களே போன வருஷம், அது யாருதுன்னு நினைச்சேன்? விருந்தாளி சார் போய்ச் சேந்து எவ்வளவு நாளாச்சு! நீங்க ஃபாரின்னு சொன்னீங்க. சரி, இந்தம்மா மனசு அப்படின்னு நாங்களும் ஃபாரின்னோம். அன்னைக்கு ஒருத்தன் வந்து விசாரிச்சான். உங்க மானத்தை விட்டுக்குடுப்பேனா? சத்தியம் பண்ணாத குறைதான்."

மேலே பால்கனியிலிருந்து டீச்சர். "நானும் அதைத்தான் சொன்னேன்! தினம் விடிகாலை கீழ ரெண்டு பேரும் சிரிக்கிற சத்தத்துலதான் நான் முழிக்கிறேன். எனக்கு அலாரமே அதான். மாப்பிள்ளை இல்லாத வீட்ல பொண்ணு யாரோட சிரிக்கும்? ஆனா அதைப் போய் வெளியாள்கிட்ட சொல்லுவாங்களா?"

பால்காரம்மா அந்தப் பக்கமாக வசூலுக்கு வந்தவள், சைக்கிளை நிறுத்திவிட்டு, "ஒரு பாக்கெட் ரெண்டானது என்னைக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள்.

தெருவே அம்மாவைக் காப்பாற்றியிருக்கிறது. அம்மா காப்பாற்றச் சொல்லாமலே. அந்த நல்ல மனசில்தான் நான் மாட்டிக்கொண்டு கிடந்தேன்.

அவர் வெயிலில் நின்றுகொண்டே கண்ணை மூடிச் சிரித்தார். டெய்லர், "உக்காருங்க சின்ன விருந்தாளி, விழுந்துடப் போறீங்க" என்று ஸ்டூலை நகர்த்தினார்.

பெயர் வைத்துவிட்டார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா உதட்டை இறுக்கினாள். பிறகு — நான் பொய் எழுதவில்லை — சிரித்துவிட்டாள்.

மத்தியானம் சமையலறையில் இருவரும் தனியாக இருந்தோம். நான் பாத்திரம் தேய்த்தேன், அம்மா துடைத்தாள்.

"உங்கப்பா இந்தத் தெருவுல ஒரு நாள் தலை நிமிந்து நடந்ததில்ல. இவருக்கும் அது வேண்டாம்னு பாத்தேன்."

"தெரியும்மா."

"சொல்லாம விட்டிருந்தா நீ என்கூடவே இருந்திருப்பே. அதையும் யோசிச்சேன்."

தேய்த்த தட்டையே மறுபடி தேய்த்தேன். "எவ்வளவு நேரம் யோசிச்சே?"

"அஞ்சு நாள்."

தட்டை அலம்பி அவளிடம் நீட்டினேன்.

ஏப்ரல் 21

மூன்று பேரும் நோட்டரியிடம் வந்து எழுதிக் கொடுத்தார்கள். தப்பாகச் சொன்னது ஏன் என்பதையும் எழுத வேண்டும் என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். 'அந்த அம்மாள் வருத்தப்படக் கூடாது என்பதற்காக' என்று டீச்சர் கோடு போட்ட தாளில் அழகாக எழுதியிருந்தார். அம்மாவும் எழுதினாள். அரைப் பக்கம். என்னைப் படிக்க விடவில்லை.

மே 3

மறுபடி கூப்பிட்டார்கள். அதே அதிகாரி. அம்மா எழுதியதை முகவாயைத் தூக்கி இரண்டு முறை படித்தார். 'ஒரு மணி நேரம்' என்று சொன்னதை மாற்ற விரும்புகிறீர்களா என்று மட்டும் கேட்டார்.

"நேரத்தைத் தப்பா எண்ணிட்டேன்" என்றேன். சுவரைப் பற்றிச் சொன்னேன். இருமல், கட்டில், எல்லாம்.

அவர் குறித்துக்கொண்டார்.

மே 9

ஒன்றும் வரவில்லை.

மே 14

ஒன்றும் வரவில்லை. அவர் டிக்கெட் மட்டும் போட்டாயிற்று. சுண்டெலி இங்கே என்னோடு இருக்கட்டும் என்கிறார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மே 20

கனவுகூட வரவில்லை.

மே 22

வந்துவிட்டது. அந்த நாட்டுக்குள் நுழைய அனுமதி. பி.ஆர். போகவில்லை, இருக்கிறது. கூடத்திலும் இருந்தேன், அங்கேயும் இருந்தேன் — ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தாள். "போட்டோல நல்லா இருக்கே" என்றாள். அப்புறம் குழந்தைக்கு ஸ்வெட்டர் இருக்கிறதா என்று கேட்டாள்.

மே 28

அவர் பின்னறை ஜன்னலில் ஒட்டியிருந்த கறுப்புத் தாளைக் கிழித்தார். அறைக்குள் வெயில் வந்து உட்கார்ந்தது. சுண்டெலி வாசலிலேயே நின்று உள்ளே தேடினாள். "ப்பா?" அப்பா அவள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார்.

சுவர்க் கடிகாரத்தையும் கழற்றப் போனார். அம்மா தடுத்தாள். "அது இருக்கட்டும். நீங்க எல்லாம் எந்திரிச்சிட்டீங்களா தூங்குறீங்களான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

ஜூன் 4

இங்கே.

வந்து நாலைந்து நாளாகியும் எனக்கும் சுண்டெலிக்கும் அந்த ஊர் நேரம் விடவில்லை. பகலில் தள்ளாடுகிறோம், ராத்திரியில் பளிச்சென்று விழித்துக்கொள்கிறோம். அவருக்கோ ஆபீஸ் பகலில். மறுபடியும் ஒரே வீடு, இரண்டு நேரம். இந்தத் தடவை சுவர் இல்லை, ஒரே அறை. அவர் குறட்டை விடுகிறார் என்பது இப்போதுதான் தெரிகிறது. கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

கண்ணாடிக் கடைக்குப் போய் வந்தேன். அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள், பாதி நாள் வேலைக்கு.

சற்று முன் அம்மா கூப்பிட்டாள். அங்கே நடுப்பகல். பின்னறையிலேயே உட்கார்ந்து பேசுகிறாள் போல, கடிகாரச் சத்தம் கேட்டது. "இன்னும் தூங்கலியா? முள்ளு ராத்திரியில இருக்கே" என்று அதட்டினாள். டெய்லர் சின்ன விருந்தாளியை விசாரித்தாராம். "அவர் வீட்ல அவர் இருக்கார்னு சொன்னேன்" என்றாள்.

"நீயும் வாம்மா" என்றேன்.

"மாப்பிள்ளை வீட்ல போய் மாமியார் உக்காந்தா—" என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"எத்தனை நாள் இருக்க விடுவாங்க?" என்று கேட்டாள்.

போனை வைத்துவிட்டு விளக்கை அணைத்தேன். சுண்டெலி என் மடியிலிருந்து இறங்கி ஜன்னலுக்குப் போனாள். வெளியே கறுப்புத் தாள் இல்லை, நிஜ இருட்டு. கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்துக்கொண்டு அதைக் கூப்பிட்டாள்.

"ப்பா!"

"ம்?" என்று கட்டிலிலிருந்து, தூக்கத்தோடு, பதில் வந்தது.

சுண்டெலி திரும்பிப் பார்த்தாள்.